சீக்குக் கோழியும் செல்லப் பூனையும்

உங்கள் வீட்டுப் பூனை கடைசியாக எப்போது தும்மியது என்று ஞாபகம் இருக்கிறதா?

இருக்காது. அது குறுக்கே போனது வேண்டுமானால் ஞாபகம் இருக்கும். குறுக்கே போனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற ஆட்கள் நாம். பேச்சுக்கு நடுவில் யாராவது தும்மினால் ‘நூறு வயசு’ என்கிறோம். கிளம்பும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் உட்கார்ந்துவிடுகிறோம். ஆனால் பூனையே தும்மினால் என்ன பலன்? அதை மட்டும் சகுன சாஸ்திரத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. கொஞ்ச காலமாக மருத்துவ சாஸ்திரத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள்.

நான் படித்தது பி.காம். பற்று, வரவு, ஐந்தொகை. அதைத் தாண்டி வைரஸ் பற்றி எழுத உனக்கு என்னய்யா அருகதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆவூரில் ஒரு அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் தேடப்போய்க் கிடைத்ததைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

ஆவூர் புதுக்கோட்டை மாவட்டத்தில், விராலிமலைப் பக்கம் இருக்கிறது. ஆ என்றால் பசு. பெயரிலேயே மாட்டைக் கட்டி வைத்திருக்கிற ஊர். பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய பெரியநாயகி மாதா கோயில் அங்கே பிரசித்தம். நம் வீரமாமுனிவர் வந்து பணி செய்த இடம். ஈஸ்டரை ஒட்டித் திருவிழா. சாதி, மதம் பார்க்காமல் சுற்றுவட்டாரமே திரளும். அதைப் பற்றி எழுதலாம் என்று 2025 ஏப்ரல் முதல் வாரம் போயிருந்தேன்.

அது தவக்காலம். நாற்பது நாள் பல வீடுகளில் கறி கிடையாது. அந்த வகையில் ஊர்க் கோழிகளுக்கு நாற்பது நாள் ஆயுள் நீட்டிப்பு. ஈஸ்டர் அன்று கணக்கு நேராகிவிடும். ஆனால் வெயில் ஏறுகிற அந்த மாதங்கள்தான் கோழிச் சீக்கு வருகிற மாதங்களும்.

கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஓட்டு வீடு. தண்ணீர் கேட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். அந்த வீட்டு அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். முகம் வாடியிருந்தது.

“நேத்து வரைக்கும் நல்லா மேஞ்சிக்கிட்டு இருந்துச்சு தம்பி. விடிஞ்சு பாத்தா றெக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தூங்கி விழுவுது. வெள்ளையா கழியுது. பன்னெண்டுல ஏழு போச்சு.”

“மிச்சம்?”

“அது என்னைக்குன்னு தெரியல. பக்கத்து வீட்டுல ஏசுறாங்க. தலை தொங்குறப்பவே அறுத்திருந்தா குழம்புக்காவது ஆயிருக்கும்ல, இல்லாட்டி யாருக்காச்சும் வித்திருக்கலாம்லங்குறாங்க.”

அவர் கவலை அது இல்லை. உள்ளே கைகாட்டினார். கயிற்றுக் கட்டிலில் யு.கே.ஜி. படிக்கிற பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தடியில் ஒரு வரிப்பூனை சுருண்டு கிடந்தது.

“செத்த கோழில ஒண்ண நேத்து இது இழுத்துத் தின்னுருச்சு தம்பி. டி.வி.யில போட்டானே, ஆந்திராவுல பச்சைக் கறி தின்ன புள்ளை செத்துப் போச்சுன்னு? கோழிச் சீக்கு பூனைக்குத் தொத்துமா? பூனைக்கு வந்தா புள்ளைக்கு வருமா? மகன் சொல்றான், சாக்குல போட்டுக் கட்டி கம்மாய்க்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்துரலாம்னு. இவ எந்திரிச்சுத் தேடுனா நான் என்ன சொல்றது?”

மூன்று கேள்வி. மூன்றுக்கும் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் டாக்டர் வந்து பார்த்து, செத்த கோழி ஒன்றைப் பரிசோதனைக்கும் எடுத்துப் போனார். வெள்ளைக்கழிச்சல்தான். ஆங்கிலத்தில் ராணிக்கெட். மனிதர்களுக்கு அது மிஞ்சிப் போனால் கண்ணைச் சிவக்க வைக்கும், அதோடு சரி. பூனை பிழைத்தது. சாக்கும் தப்பித்தது.

இதைக் கேட்டு எனக்கும் நிம்மதிதான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது. வந்தது ராணிக்கெட்டாக இல்லாமல் பறவைக் காய்ச்சலாக இருந்திருந்தால்? பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். தூங்கி விழும், கழியும், கூட்டமாகச் சாகும். பரிசோதனைக் கூடத்துக்குப் போனால்தான் வித்தியாசம் தெரியும்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.

பூனை வளர்க்கிற சிலர் ‘எங்க பூனைக்கு ஃப்ளூ வந்துச்சு சார், ஊசி போட்டோம், சரியாயிடுச்சு’ என்பார்கள். கண்ணில் நீர் வடிந்து, மூக்கு அடைத்து, சாப்பிடாமல் கிடக்கும். டாக்டர்களும் ‘கேட் ஃப்ளூ’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது இன்ஃப்ளூயன்ஸாவே இல்லை. ஹெர்ப்பிஸ், கலிசி என்று வேறு இரண்டு வைரஸ்களின் வேலை. நாய்க்குத் தடுப்பூசி போட்ட அட்டையை எடுத்துப் பாருங்கள். டிஸ்டெம்பர், பார்வோ என்ற வரிசையில் ‘பாரா இன்ஃப்ளூயன்ஸா’ என்று ஒன்று இருக்கும். அதுவும் இன்ஃப்ளூயன்ஸா அல்ல. ஒரே இனிஷியல் உள்ள வேறு ஆள். ஆகவே ‘எங்க டாமிக்குத்தான் ஊசி போட்டாச்சே’ என்கிற தைரியம் இந்த விஷயத்தில் செல்லாது.

அப்படியானால் நிஜ இன்ஃப்ளூயன்ஸா வீட்டுப் பிராணிக்கு வராதா? வரும். அந்த வைரஸ் மனுஷனிடம் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததே ஒரு சின்னப் பிராணியின் மூக்கை வைத்துத்தான்.

1933-ல் லண்டன் மில் ஹில் ஆராய்ச்சிக் கூடத்தில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்று மூன்று பேர். ஃப்ளூ வந்த மனிதர்களின் தொண்டையைக் கொப்பளிக்க வைத்து, அந்த நீரை எந்தெந்தப் பிராணிக்கோ கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஃபெர்ரட் என்கிற கீரி மாதிரியான பிராணியின் மூக்கில் விட்டார்கள். இரண்டே நாளில் அது காய்ச்சலில் படுத்துத் தும்ம ஆரம்பித்தது. அந்தக் கூடத்தில் ஃபெர்ரட் எப்படி வந்தது தெரியுமா? நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயை ஆராய்வதற்காக வளர்த்தவை. நாய்க்காக வாங்கிய பிராணி மனிதனுக்கு உதவியது. 1936-ல் அதே கூடத்தில் ஒரு ஃபெர்ரட், தன்னைப் பரிசோதித்துக்கொண்டிருந்த இளம் டாக்டர் முகத்திலேயே தும்மியது. அவருக்கு ஃப்ளூ வந்தது. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டது!

இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் ஃப்ளூவின் சரித்திரமே. 2004-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் பந்தய நாய்கள் இருமி இருமிச் செத்தன. ஆராய்ந்தால், குதிரைகளின் ஃப்ளூ நாய்க்குத் தாவியிருக்கிறது. 2015-ல் சிகாகோ பக்கம் இன்னொரு நாய் ஃப்ளூ பரவியது. அதன் மூலம் பறவைகள். ஆசிய நாடுகளில் நாய்க்குத் தாவி, அங்கிருந்து அமெரிக்கா போனது. 2009-ல் உலகமே பன்றிக் காய்ச்சல் என்று முகமூடி மாட்டிக்கொண்டு அலைந்தது ஞாபகம் இருக்கும். அப்போது அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு வீட்டில் முதலில் மனிதர்கள் படுத்தார்கள். பிறகு அவர்கள் வளர்த்த 13 வயதுப் பூனை படுத்தது. எஜமானர்கள் கொடுத்த காய்ச்சல்! நல்லவேளை, பூனை தேறிவிட்டது. நமக்குக் காய்ச்சல் வந்தால் பூனையைக் கட்டிக்கொண்டு படுக்காமல் இருப்பது பூனைக்கும் நல்லது என்று இதிலிருந்து தெரிகிறது.

இவையெல்லாம் பெரும்பாலும் படுத்து எழுந்துவிடுகிற ஃப்ளூக்கள். ஆவூர் அம்மா கேட்டது வேறு. எச்5என்1 என்கிற பறவைக் காய்ச்சல். இது பூனைக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கு முதலில் பெரிய அளவில் காட்டியவை, பூனையின் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள்.

2004 அக்டோபர். தாய்லாந்தில் ஸ்ரீராச்சா புலிப் பண்ணை. நானூறுக்கும் மேல் புலிகள். ஒவ்வொன்றாகக் காய்ச்சல், மூச்சுத் திணறல். செத்தவையும், பரவாமல் இருக்கக் கருணைக் கொலை செய்தவையுமாக 147 புலிகள் போயின. அவற்றுக்குப் போட்ட தீனி, பச்சைக் கோழி. அதே வருடம் அந்த நாட்டிலேயே வீட்டுப் பூனைகளும் செத்தன. அங்கே ஒரு நாய், வாத்தின் உடலைத் தின்று இறந்தது.

தாய்லாந்து தூரம் என்கிறீர்களா? நாகபுரிக்கு வாருங்கள். 2024 டிசம்பர் கடைசியில் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் செத்தன. போபாலில் இருக்கிற உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனம் பரிசோதித்து எச்5என்1 என்றது. அங்கேயும் சந்தேகம் தீனி மேல்தான் விழுந்தது.

அடுத்து 2025 ஜனவரி. நாகபுரிக்கு வடக்கே, மத்தியப்பிரதேசத்தின் சிந்த்வாரா. இந்தத் தடவை புலி இல்லை, சிறுத்தை இல்லை. வீட்டுப் பூனைகள். காய்ச்சல், சாப்பிடாமை, சோர்வு, பிறகு சாவு. மாதிரிகள் போபாலுக்குப் போயின. எச்5என்1. இந்தியாவில் வீட்டுப் பூனைகளிடம் இந்த வைரஸை உறுதி செய்தது அதுதான் முதல் தடவை. கோழிக் கடைகளை மூடினார்கள். கோழிகளை அழித்தார்கள். பூனையோடு பழகிய மனிதர்களையும் பரிசோதித்தார்கள். அவர்களில் யாருக்கும் தொற்றவில்லை.

ஆவூருக்கு இன்னொரு செய்தியும் இருக்கிறது. மாட்டுக்கு இந்த மாதிரி ஃப்ளூ வராது என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் பண்ணைகளில் கறவை மாடுகளுக்கு எச்5என்1 வந்தது. மாடுகள் பெரும்பாலும் பிழைத்தன. ஆனால் டெக்சாஸில் ஒரு பண்ணையில் அந்த மாடுகளின் பச்சைப் பாலைக் குடித்த பூனைகள் இருபத்துச் சொச்சத்தில் ஏறக்குறைய பாதி செத்துவிட்டன. பால் கறக்கும் நேரத்தில் பூனைக்குக் கொட்டாங்கச்சியில் கொஞ்சம் ஊற்றுகிற பழக்கம் நம் தொழுவங்களிலும் உண்டு. டெக்சாஸ் கதை அமெரிக்க மாட்டின் கதைதான். ஆனால் பூனையின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். நாம் ஊற்றுவதை அது குடிக்கிறது.

கவனித்தீர்களா? புலிப் பண்ணையில் தீனி போட்டது மனிதக் கை. டெக்சாஸில் பால் வைத்தது மனிதக் கை. காக்கை, குருவி பிடித்து வருகிற பூனையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் பறவைக் காய்ச்சல் வீட்டுப் பிராணியை வந்தடைகிற பெரிய பாதை, நாம் வைக்கிற தட்டுதான்.

இப்போது பி.காம்.காரன் பேசுகிறேன், கேளுங்கள்.

அந்த அம்மாவின் ஏழு கோழி. நாட்டுக்கோழி. ஒன்று 500 ரூபாய் என்று வையுங்கள். 3,500 ரூபாய். மகனின் ஒரு வாரக் கூலி, பேத்தியின் ஒரு டேர்ம் வேன் வாடகை. கோழி தலை தொங்கும்போதே அறுத்தால் நட்டம் குறையும். பாதி விலைக்கு விற்றால் இன்னும் குறையும். புதைத்தால் முழு நட்டம். பக்கத்து வீட்டுக்காரர் ஏசியதில் கணக்குப்படி ஒரு தப்பும் கிடையாது. வணிகவியலில் இதற்குப் பெயரே இருக்கிறது, கழிவு மதிப்பு. ஏழை வீட்டில் அந்தக் கழிவு மதிப்பையும் விட முடியாது. குழம்பு மனிதர்களுக்கு, குடல் பூனைக்கு, எலும்பு நாய்க்கு. ஒன்றும் வீணாகாது. வைரஸ் உட்பட!

அரசாங்கம் இழப்பீடு கொடுக்காதா? கொடுக்கும். பறவைக் காய்ச்சல் என்று உறுதியாகி, பரவாமல் இருக்க அதிகாரிகள் வந்து அழிக்கிற கோழிக்குக் கொடுக்கும். மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதி பகிர்ந்துகொள்ளும். ஆனால் அவர்கள் வருவதற்கு முன்னால் நோயில் செத்த கோழிக்குக் கிடையாது. ஆக, கூடையில் ஏழு செத்துக் கிடக்கும்போது ‘வந்து பாருங்கள்’ என்று கூப்பிடுகிறவருக்கு, அந்த ஏழுக்குக் காலணா வராது. உயிரோடு இருக்கிற ஐந்தும் போனாலும் போகும். வாயை மூடிக்கொண்டு அறுத்துவிட்டால் அன்றைக்குக் குழம்பு நிச்சயம்.

பெரிய வியாபாரத்திலும் இதே கணக்குதான். 2006 பிப்ரவரியில் இந்தியாவில் முதன்முதலாகப் பறவைக் காய்ச்சல் வந்தது மகாராஷ்டிராவின் நவாப்பூரில். நாமக்கல்லுக்கும் நவாப்பூருக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் இங்கே முட்டைக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். சனங்கள் வாங்கினால்தானே விற்கும்? அந்த ஒரு வார்த்தையை உச்சரித்தாலே விலை விழும் என்றால் யார் உச்சரிப்பார்கள்?

கோழிக்காவது இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. பூனைக்குப் பேரேட்டில் பக்கமே கிடையாது. அது செத்தால் யாருக்கும் பற்றும் இல்லை, வரவும் இல்லை. காலையில் வாலைப் பிடித்துத் தூக்கிக் குப்பைமேட்டில் வீசிவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுவார்கள். எதையாவது தின்னிருக்கும், வண்டி கிண்டி அடிச்சிருக்கும், எவனாவது விஷம் வைத்திருப்பான். அவ்வளவுதான் நம் பிரேதப் பரிசோதனை.

சிந்த்வாராவுக்குத் திரும்ப வருகிறேன். ‘இந்தியாவின் முதல் பூனைகள்’ என்று அதன் பெயர் பேப்பரில் வந்தபோது, என்ன பாவம் செய்த ஊரோ என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் நோய் அந்த ஊரில்தான் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? முதல் கேள்வியை அந்த ஊரில் கேட்டார்கள் என்று சொல்லலாம். ஒரு பூனை செத்தபோது, ‘எதனால்?’ என்று கேட்டு, மாதிரி எடுத்து, ஐஸ் வைத்துப் பொதிந்து போபாலுக்கு அனுப்ப அங்கே யாரோ இருந்தார்கள். அதனால்தான் கடைகளை மூட முடிந்தது, மனிதர்களைப் பரிசோதிக்க முடிந்தது. பூனை அங்கே பலியான பிராணி மட்டும் இல்லை. தபால்காரனும் அதுதான். வைரஸ் தெருவுக்குள் வந்துவிட்டது என்கிற தந்தியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் செத்தது. தந்தியைப் பிரித்துப் படிக்க ஆள் இருந்தது அந்த ஊரின் அதிர்ஷ்டம்.

பூனையிடமிருந்து மனிதருக்கு வருமா என்கிற மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது. பூசி மெழுகாமல் சொல்கிறேன். அபூர்வம். ஆனால் நடக்கவே நடக்காது என்பதில்லை. 2016 டிசம்பரில் நியூயார்க்கில் அனாதைப் பூனைகள் காப்பகங்களில் எச்7என்2 என்று வேறொரு பறவை ஃப்ளூ புகுந்தது. சுமார் 500 பூனைகளைத் தனிமைப்படுத்தினார்கள். அந்தப் பூனைகளுக்கு வைத்தியம் பார்த்த ஒரு கால்நடை மருத்துவருக்குத் தொற்றியது. லேசாக வந்து போய்விட்டது. எச்5என்1 அவ்வளவு லேசு இல்லை. 2003-லிருந்து உலகம் முழுக்க ஏறத்தாழ ஆயிரம் பேருக்குத்தான் அது வந்திருக்கிறது. ஆனால் வந்தவர்களில் சுமார் பாதிப் பேர் பிழைக்கவில்லை. அதில் பெரும்பாலோர் நோய்ப்பட்ட கோழி, வாத்தோடு நேரடியாகப் பழகியவர்கள். ஆந்திராவின் நரசராவ்பேட்டையைச் சேர்ந்த, 2025 மார்ச்சில் இறந்த இரண்டு வயதுக் குழந்தையும், கோழியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த ஒரு பச்சைத் துண்டைத் தின்றதாகத்தான் செய்தி.

அதனால் பயப்பட வேண்டிய வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் சீக்குக் கோழி, அப்புறம் பச்சைக் கறி. பூனை அதற்கெல்லாம் பின்னால், வால் பகுதியில்.

பயம் வந்துவிட்டால் நாம் வரிசையைத் தலைகீழாக்குகிற ஆட்கள். 2020-ல் கொரோனா வந்த புதிதில், நாயால் வரும் என்று எவனோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி, வளர்த்த நாயைத் தெருவில் விட்டவர்கள் உண்டு. சாக்கில் போட்டுக் கம்மாய்க்கு அப்பால் விட்டால் நோய் போய்விடுமா? அந்தப் பூனைக்கு நிஜமாகவே நோய் இருந்திருந்தால், அது நாலு ஊர்க் கோழிக்கூண்டுகளைச் சுற்றிவிட்டு எங்கேயோ சாகும். கண் முன்னால் இருக்கிற நோயைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்புவதன் பெயர் வைத்தியம் இல்லை. பார்சல்.

ஆவூர் அம்மாவுக்கு அப்புறம் போன் போட்டு நான் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

பூனைக்கும் நாய்க்கும் கறி போடுகிறீர்களா? வேகவைத்துப் போடுங்கள். நம் குழம்பு கொதிக்கிற கொதியில் இந்த வைரஸ் நிற்காது, 70 டிகிரியிலேயே போய்விடும். கோழிக்கடையில் பத்து ரூபாய்க்குத் தலை, கால், குடல் வாங்கிப் பச்சையாகப் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். நகரத்தில் இப்போது பச்சைக் கறித் தீனியை, இயற்கை உணவு என்று சொல்லிப் பாக்கெட்டில் விற்கிறார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஆரிகனில் ஒரு பூனை செத்தது அப்படிப்பட்ட உறைய வைத்த வான்கோழித் தீனியால்தான். இயற்கையில் வைரஸும் சேர்த்தி.

பாலைக் காய்ச்சி ஊற்றுங்கள். இதை நம் வீடுகளில் சொல்ல வேண்டியதே இல்லை. பூனைக்கும் அதே பாலைக் கொடுங்கள் என்பதுதான் விஷயம்.

கோழி கூட்டமாகச் செத்தால் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், வேலிக்கு அந்தப் பக்கம் வீசாதீர்கள். வெறும் கையால் தொடாமல், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அதற்கு முன்னால் கால்நடை மருந்தகத்துக்கு ஒரு வார்த்தை. 1962 என்கிற இலவச எண் இதற்காகத்தான் இருக்கிறது. விராலிமலைப் பக்கத்து ஆட்களுக்குக் கூடுதலாக ஒன்று. அங்கே மயில்கள் கோழியோடு கோழியாக வந்து தீனி பொறுக்கும். மயில் செத்துக் கிடந்தால் தோகைக்கு ஆசைப்பட்டுத் தொடாமல், வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

ராணிக்கெட்டுக்கு அரசே வருடாவருடம் முகாம் வைத்து இலவசத் தடுப்பூசி போடுகிறது. அதைப் போட்டுவிட்டால் கோழி பிழைக்கும் என்பது ஒரு லாபம். இன்னொரு லாபம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஊசி போட்ட கோழிகள் கூட்டமாகச் செத்தால், இது வழக்கமான சீக்கு இல்லை என்று உடனே சந்தேகம் வரும்.

பூனையோ நாயோ திடீரென்று தீனி எடுக்காமல், காய்ச்சலோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, தள்ளாடினால், அதுவும் அக்கம்பக்கத்தில் கோழியோ காக்கையோ செத்திருந்தால், ‘இது எதைத் தின்றது’ என்பதையும் சேர்த்து டாக்டரிடம் சொல்லுங்கள். அது வாயைத் திறந்து சொல்லாது. குழந்தைகளை அன்றைக்கு மட்டும் தள்ளிப் படுக்க வையுங்கள். நீங்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போதும்.

அரசாங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். 1903-லேயே சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி கண்ட மாநிலம் இது. 1989-ல் அதற்கென்றே தனிப் பல்கலைக்கழகமும் அமைத்தோம். படித்தவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஊர்க்கோடியில் இருக்கிற ஒரு பாட்டி, தானாகப் போன் செய்து ‘என் கோழி சாகுது’ என்று சொன்னால் அவருக்கு நட்டம் வரக்கூடாது. உண்மை சொல்கிறவருக்கு அபராதமும் மறைக்கிறவருக்குக் குழம்பும் கிடைக்கிற கணக்கை எந்த ஆடிட்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். சொன்ன தேதியில் செத்துக் கிடந்த கோழிக்கும் ஏதோ கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள். நோய் பரவிய பிறகு லட்சக்கணக்கில் அழிக்கிற செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் ஒரு பிராணி செத்துவிட்டால் நாம் உடனே கேட்கிற கேள்வி, ‘எங்க கொண்டுபோய்ப் போடுறது?’ அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டுப் பழக வேண்டும்.

‘எதனால செத்துச்சு?’

கேட்பதற்குக் காசு ஆகாது. நம்மோடு தரையில் உட்கார்ந்து, நம் தட்டில் மிஞ்சியதைத் தின்று, நம் பிள்ளைகளின் கழுத்தடியில் தூங்கிய ஒரு ஜீவனுக்கு அந்த ஒரு கேள்வி அளவுக்காவது நாம் கடன்பட்டிருக்கிறோம். பதில் நம்மையும் காப்பாற்றும் என்பது அதன் மேல் வருகிற வட்டி.